வேண்டாம் என்றால் யாருக்கு நஷ்டம்? சென்னைத் தம்பதிகளும் திறந்த உறவின் எல்லைகளும்

ஓப்பன் மேரேஜ், அதாவது துணைவருக்குத் தெரிந்தே, அவர் ஒப்புதலோடு வேறு உறவுக்கும் இடம் தரும் மணவாழ்வு, பற்றிச் சென்னையில் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வது இது: "அதான் 2018-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சே, இப்ப அது குற்றமே இல்லையே!" பாதிதான் உண்மை. 2018 செப்டம்பர் 27 அன்று, ஜோசப் ஷைன் வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு பிறர் மனைவியோடு உறவு கொள்வதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை ரத்து செய்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தக் குற்றம் திரும்பி வரவில்லை. ஆனால் போனது சிறைத் தண்டனை மட்டும். விவாகரத்துக்கான காரணமாக அது இன்றும் அப்படியே இருக்கிறது. ஜீவனாம்ச வழக்கிலும் வந்து நிற்கும்.

ரத்தான அந்தப் பிரிவை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது. இன்னொருவரின் மனைவியோடு, அந்தக் கணவனின் சம்மதமோ உடந்தையோ இல்லாமல் உறவு வைத்துக்கொண்டவனுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்றது அது. கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. உறவில் ஈடுபட்டவனுக்கும் ஒரு மனைவி இருப்பாளே, அவள் சம்மதித்தாளா என்ற கேள்வி அதில் எங்குமே இல்லை. அவளால் புகார் கொடுக்கவும் முடியாது. 1860இல் எழுதிய சட்டம் 2018 வரை இப்படித்தான் இருந்தது. சம்மதம் என்ற பேச்சு அதில் இருந்தது, ஆனால் கேட்கப்பட்டது ஒரே ஒரு ஆளின் சம்மதம்.

இங்கே பேச வந்தது கள்ள உறவைப் பற்றி அல்ல. கணவனும் மனைவியும், அல்லது சேர்ந்து வாழும் இருவர், ஒருவருக்கொருவர் தெரிந்து, ஒப்புக்கொண்டு, வேறு ஆட்களோடும் உறவுக்கு இடம் கொடுப்பது பற்றி. இதில் பல தினுசு உண்டு. ஜோடியாகவே போய் உடலுறவோடு நிறுத்திக்கொள்வது ஸ்விங்கிங். அவரவர் தனியாக வெளியே பழகுவது ஓப்பன் ரிலேஷன்ஷிப். ஒருவருக்கு மேல் காதலே இருக்கலாம் என்பது பாலியமரி. பெயர்களைப் பிடித்துக்கொண்டு அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் மனதில் முதலாவதும் மற்றவர் மனதில் மூன்றாவதும் இருக்க, இருவரும் "ஓப்பன்" என்று தலையாட்டிவிட்டுப் போவது நடக்கிறது. ஆறு மாதம் கழித்து வெடிக்கும் சண்டைக்கு விதை அன்றே விழுந்துவிடுகிறது.

எத்தனை பேர் இப்படி வாழ்கிறார்கள் என்று கேட்பார்கள். அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், அப்போது மணவாழ்வில் இல்லாத பெரியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது ஒரு கட்டத்தில் இத்தகைய உறவில் இருந்ததாகச் சொன்னார்கள். அந்தக் கணக்கை எடுத்து வந்து வேளச்சேரிக்கும் பெரம்பூருக்கும் பொருத்த முடியாது.

நம் ஊருக்கு இது புதிதா என்றால், ஒரு பாதி புதிதே இல்லை. மருதத் திணையில் தலைவன் பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பி வருவான், தலைவி ஊடுவாள், கதவு திறக்குமா திறக்காதா என்பதுதான் பாட்டு. போன தலைமுறையில் 'சின்ன வீடு' என்று ஊரே சிரித்துக்கொண்டு சொன்ன ஏற்பாடு எத்தனை குடும்பங்களில் இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டால் தெரியும். இந்து ஆண்களின் பலதார மணத்தைத் தடுக்க 1955இன் இந்து திருமணச் சட்டம் வரை இந்த மாகாணம் காத்திருக்கவில்லை; 1949லேயே மதராஸ் சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டுவிட்டது. அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதே நிலைமை என்னவென்று சொல்லும். ஆக ஒருவருக்கு மேல் உறவு என்பது இங்கே எப்போதும் இருந்திருக்கிறது. இல்லாதது மனைவியிடம் கேட்கும் பழக்கமும், அதே உரிமை அவளுக்கும் உண்டு என்ற எண்ணமும்தான்.

இதனால்தான், கணவன் இந்தப் பேச்சை எடுத்ததும் பல பெண்களுக்கு முதலில் வரும் சந்தேகம், "பழைய கதைக்குப் புதுப் பெயரா?" என்பது. அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறார்கள்: யாரோடு, எங்கே, எத்தனை மணி வரை. பட்டியலுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "வேண்டாம்" என்று சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? இருவரில் ஒருவருக்கு அந்தச் சொல்லின் விலை வீடு, குழந்தை, மாதச் செலவு, அம்மா வீட்டில் தலைகுனிவு என்று ஏறிக்கொண்டே போனால், அவர் "சரி" என்று சொன்னதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள முடியாது. அதன் மேல் எத்தனை எல்லை வரைந்தாலும் நிற்காது.

பேச்சை எடுப்பது யார்

பெரும்பாலும் பேச்சை எடுப்பவர் மனதில் ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கிறார். "பொதுவா ஒரு ஐடியாவா சொல்றேன்" என்று ஆரம்பித்தாலும், அலுவலகத்திலோ ஜிம்மிலோ ஒரு முகம் தயாராக இருக்கும். அப்படி இருந்தால் அதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. பிறகு தெரியவரும்போது, ஒப்பந்தம் என்று பேசியதெல்லாம் நடந்ததை நியாயப்படுத்தப் போட்ட நாடகம் என்றே மற்றவர் நினைப்பார். பெரும்பாலும் அவர் நினைப்பது சரியாகவும் இருக்கும்.

காலமும் முக்கியம். பிரசவம் ஆகி நான்கு மாதம், வேலை போயிருக்கும் நேரம், ஒருவர் மற்றவரின் விசாவில் வெளிநாட்டில் இருக்கும் காலம், வீட்டுக் கடன் ஒருவர் சம்பளத்தில் ஓடும் காலம் — இந்த நேரங்களில் மறுப்புச் சொல்லும் சுதந்திரம் தானாகவே சுருங்கிவிடும். ஏற்கெனவே ஒரு முறை ஏமாற்றிப் பிடிபட்டவர், "இனி ஒளிவு மறைவு வேண்டாம், ஓப்பனா வச்சுக்கலாம்" என்று வருவதும் இதே வகை. காயம் ஆறுவதற்குள் கையெழுத்துக் கேட்பது அது.

மறுப்பை எப்படி வாங்கிக்கொள்வது என்பதைத்தான் முதல் எல்லையாகப் பேச வேண்டும். காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்வது. குறிப்பிட்ட காலத்துக்கு அந்தப் பேச்சை மறுபடி எடுக்காமல் இருப்பது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, படுக்கையில் திரும்பிப் படுத்துக்கொள்வது, "உனக்கு மனசு விரியல" என்று பட்டம் கொடுப்பது இவையெல்லாம் வற்புறுத்தல்தான். அதற்கும் மேலே போய் மிரட்டுவது, அடிப்பது, வேறொருவரோடு இருக்கக் கட்டாயப்படுத்துவது என்றால் பேசிக்கொண்டிருக்கும் கட்டம் தாண்டிவிட்டது. கணவன் அல்லது அவன் வீட்டார் செய்யும் கொடுமைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆவது பிரிவு இருக்கிறது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் ரீதியான இழிவையும் வன்முறை என்றே கணக்கில் வைக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181.

'அட்டாச் ஆகக்கூடாது' என்ற ஒப்பந்தம்

எல்லோரும் போடுகிற, யாராலும் காப்பாற்ற முடியாத ஒப்பந்தம் ஒன்று உண்டு: "எமோஷனலா அட்டாச் ஆகக்கூடாது." மனதுக்கு உத்தரவு போட்டு யாரும் ஜெயித்ததில்லை. அட்டாச் ஆனால் அதை மறைப்பார்கள், அவ்வளவுதான் நடக்கும். உணர்வை விட்டுவிட்டு நடத்தையைப் பேசினால் பிடிமானம் கிடைக்கும். அவரோடு வெளியூர் போவதில்லை. நம் வீட்டுச் சண்டையை அவரிடம் சொல்வதில்லை. மனம் சாய்கிறது என்று தோன்றினால் அந்த வாரமே நம்மிடம் சொல்வது. இவற்றை மீறினோமா இல்லையா என்று இருவருக்கும் தெரியும்.

பொதுவாகச் சொன்ன வார்த்தை எப்படி ஓட்டை விழும் என்பதற்கு ஒரு கற்பனை உதாரணம். துரைப்பாக்கத்தில் வாடகை வீடு, இருவருக்கும் ஐ.டி. வேலை, கல்யாணமாகி ஏழு வருடம். "முன்கூட்டியே சொல்லிட்டுப் போகணும்" என்று பேசிவைத்திருக்கிறார்கள். ஞாயிறு காலை அவள் வீட்டுக்கு வரும்போது அவன் காபி கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறான்.

"சனிக்கிழமை வெளிய போறேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"சொன்ன. நைட்டு அங்கயே தங்குவேன்னு சொன்னியா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நீ வரலன்னா நான் யாருக்குப் போன் பண்றது? உனக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த ஆளோட நம்பராவது எங்கிட்ட இருக்கா?"

இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. 'சொல்லிவிட்டுப் போவது' என்பதில் எது அடங்கும் என்று பேசாமல் விட்டுவிட்டார்கள். அவனுடைய கோபத்தில் பொறாமை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று அவனுக்கே தெரிந்திருக்காது. ஆனால் கடைசியாகக் கேட்டானே, அந்தக் கேள்வி நியாயமானது. எங்கே இருப்பேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், தாமதமானால் ஒரு மெசேஜ், அவசரத்துக்கு ஒரு எண் — இவை உளவு பார்ப்பது ஆகாது. அதே நேரம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை லொகேஷன் அனுப்பச் சொல்வது உளவுதான்.

எவ்வளவு தெரிந்துகொள்வது என்பதிலும் ஆளுக்கு ஆள் பசி வேறு. சிலர் 'கேட்காதே, சொல்லாதே' என்று வைத்துக்கொள்கிறார்கள். இது சென்னையில் எளிது போலத் தோன்றும். நாம் வளர்ந்ததே பேசாமல் விடும் கலையில்தானே. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. உடல்நலம், பணம், பாதுகாப்பு இந்த மூன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. அவற்றைச் சொல்ல ஆரம்பித்தால் மற்றதும் தெரிந்துவிடும். இன்னொரு துருவம், வரிக்கு வரி விவரம் கேட்பது. அங்கே மூன்றாவது ஆளின் அந்தரங்கம் அவருக்குத் தெரியாமலேயே நம் வீட்டுப் பேச்சாகிவிடுகிறது.

வாட்ச்மேனும் வீட்டு ஓனரும்

வெளிநாட்டுப் புத்தகங்களில் இல்லாத எல்லைகள் சில இந்த ஊரில் வேண்டியிருக்கின்றன. இங்கே வீடு என்பது இரண்டு பேர் மட்டும் இருக்கும் இடம் அல்ல. மாடியில் வீட்டு ஓனர் இருப்பார். அடுக்குமாடி என்றால் கேட்டில் வாட்ச்மேன். வருகிறவர் பெயரும் நேரமும் ஆப்பில் பதிவாகி, வீட்டில் எல்லோர் போனுக்கும் நோட்டிஃபிகேஷன் போகும். மதுரையிலிருந்து மாமியார் சொல்லாமல் கொள்ளாமல் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டால், விடியற்காலையில் எழும்பூரில் இறங்கி வாசலில் நிற்பார். சமையலுக்கு வரும் அக்காவிடம் ஒரு சாவி இருக்கும். 'வீட்டுக்கு யாரையும் அழைத்து வருவதில்லை' என்று பல தம்பதிகள் முதல் விதியாக வைத்துக்கொள்வது ஒழுக்கக் கணக்கைவிடப் பாதுகாப்புக் கணக்கு. குழந்தை இருந்தால் அதற்கு மறுபேச்சே வேண்டாம்.

ஓட்டல் அறை எடுப்பது சட்டப்படி சிக்கலா என்ற பயம் பலருக்கு. திருமணமாகாத வயதுவந்த ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. கோவையில் அதிகாரிகள் பூட்டிய ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட் தொடர்பான வழக்கு அது. ஆனாலும் உள்ளூர் முகவரி ஆதாரைப் பார்த்ததும் அறை இல்லை என்று சொல்லும் விடுதிகள் இருக்கத்தான் செய்கின்றன. பணம் வாங்கிக்கொண்டு 'கப்பிள் பார்ட்டி' நடத்துகிறோம் என்று வரும் அழைப்புகள் வேறு கதை. அங்கே காசு கைமாறுகிறது, யார் யாரைக் கட்டாயப்படுத்தி அழைத்து வந்தார்கள் என்பது தெரியாது, 1956ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் உள்ளே வரும். விலகியிருப்பதே உத்தமம்.

யாரோடு கூடாது என்ற பட்டியலும் இந்த ஊரில் நீளமாகத்தான் இருக்கும். சொந்தக்காரர், ஒரே அபார்ட்மென்ட்காரர், துணைவரின் நெருங்கிய நண்பர் ஆகியோர் வேண்டாம். அலுவலகத்தில் நமக்குக் கீழே வேலை பார்ப்பவர் கண்டிப்பாக வேண்டாம். அவருக்கு "வேண்டாம்" என்பதன் விலை வேலையே. சென்னை பெரிய ஊர் என்று நினைக்கிறோம். பெசன்ட் நகர் பீச்சில் அரை மணி நேரம் நின்றால் தெரிந்த முகம் ஒன்றாவது தட்டுப்படும்.

இந்த ரகசியத்தின் எடையை இருவரும் சமமாகச் சுமப்பதில்லை. 2005இல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைப் பேட்டியில் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றித் தன் கருத்தைச் சொன்னார். செய்தது எதுவும் இல்லை, சொன்னதுதான். மாநிலம் முழுக்க 20க்கும் மேற்பட்ட வழக்குகள், ஊர்வலம், செருப்பு, துடைப்பம். அவற்றை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2010 ஏப்ரல் 28 அன்று. புகழும் வசதியும் உள்ள ஒரு பெண்ணுக்கே ஐந்து ஆண்டு ஆயிற்று என்றால், விஷயம் வெளியே வந்தால் ஒரு சாதாரண வீட்டுப் பெண்ணுக்கு என்ன ஆகும், ஆணுக்கு என்ன ஆகும் என்று தனித்தனியே கணக்குப் பார்க்க வேண்டும். அவனை 'மன்மதன்' என்று சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். யாரிடம் சொல்லலாம் என்பதை முடிவு செய்யும்போது, வெளியே வந்தால் அதிகம் இழப்பவர் சொல்வதே கடைசி வார்த்தையாக இருக்கட்டும்.

போன்

படம் எடுப்பதில்லை என்பதை நான் எல்லைகளில் முதல் வரிசையில் வைப்பேன். முகம் தெரியாவிட்டாலும் மச்சம், வளையல், சுவரில் மாட்டிய காலண்டர் காட்டிக்கொடுக்கும். அப்படியே ஒரு படம் வெளியே போய்விட்டால் சட்டம் நம் பக்கம்தான். படம் எடுக்கச் சம்மதித்த பெண், அதைப் பிறருக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை என்றால் அனுப்புவது குற்றம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவு ஆண், பெண் பேதமில்லாமல் அந்தரங்கப் படங்களைக் காக்கிறது. பணம் கேட்டு மிரட்டினால் கொடுக்காமல், சாட்களை அழிக்காமல், சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் செய்யலாம். ஆனால் புகார் கொடுக்க ஸ்டேஷன் படியேறும்போது "எப்படிம்மா இந்த ஆள் பழக்கம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மிரட்டுகிறவர்கள் நம்பியிருப்பதும் அந்தக் கேள்வியைத்தான்.

ஆப்களையும் முழுக்க நம்ப வேண்டாம். 2015இல், மணமானவர்கள் வெளி உறவு தேடும் ஆஷ்லி மேடிசன் தளத்தின் தகவல் திருடப்பட்டு 3 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரம் இணையத்தில் கொட்டப்பட்டது. அலுவலக மின்னஞ்சலில் பதிந்திருந்தவர்கள் பாடு சொல்ல வேண்டியதில்லை.

ஒருவர் போனை மற்றவர் பார்க்கலாமா என்பது இன்னொரு பேச்சு. கணவன் மனைவி என்பதாலேயே அந்த உரிமை வந்துவிடாது. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவருடைய போன் அழைப்பு விவரங்களைக் கணவன் ஆதாரமாக்க முடியாது என்றது. 2025 ஜூலையிலோ உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. நடைமுறையில் இதன் பொருள்: இன்று நம்பிக்கையோடு வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒவ்வொரு வரியும் நாளை உயர் நீதிமன்ற வளாகத்துக் குடும்ப நீதிமன்றத்தில் அச்செடுத்த தாளாக வரலாம்.

எழுதிக் கையெழுத்துப் போட்டால்?

"எதுக்கும் இருக்கட்டும்" என்று எழுதி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நினைவுக்கு அது நல்லது. நீதிமன்றத்தில் அமல்படுத்த முடியாது. ஒழுக்கத்துக்கும் பொதுநலனுக்கும் முரணான ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவு சொல்கிறது. இந்து திருமணச் சட்டத்திலும் ஒரு 23ஆவது பிரிவு இருக்கிறது. துணைவரின் வேறு உறவைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்பவர், அதற்குத் தான் உடந்தையாக இருக்கவில்லை, அதை மன்னித்து ஏற்கவில்லை என்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்த வேண்டும். அதாவது சம்மதித்துவிட்டு, பிறகு அதையே குற்றச்சாட்டாக்குவது எளிதல்ல. ஆனால் சம்மதித்தார் என்பதை நிரூபிக்க வேண்டிய நாளில், வாய்ப்பேச்சாக இருந்த ஒப்பந்தத்துக்குச் சாட்சி யார்?

பெண்ணுக்குக் கூடுதல் கண்ணி ஒன்று இருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவின்படி, வேறொருவரோடு தகாத உறவில் வாழ்ந்துவரும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது. எப்போதோ நடந்த ஒரு சம்பவம் போதாது, தொடர்ந்து அப்படி வாழ்வதாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் விளக்கியிருக்கின்றன. இருந்தாலும் கணவனின் வக்கீல் கையில் அது ஓர் ஆயுதம். சம்பாதிக்காத மனைவி இந்த ஏற்பாட்டுக்குள் வருமுன் தன் பெயரில் சேமிப்பு, தன் பெயரும் சேர்ந்த வாடகை ஒப்பந்தம் என்று ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

குழந்தை விஷயத்தில் சட்டம் பிடிவாதமானது. மணவாழ்வு நீடிக்கும்போது பிறக்கும் குழந்தை அந்தக் கணவனின் குழந்தையே என்பது, இருவரும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டினாலொழிய, முடிந்த முடிவு. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 116ஆவது பிரிவு சொல்வது இது. ஆகவே கர்ப்பம் தரித்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசாமல் வெளியே காலடி வைப்பது மடத்தனம். அவசரக் கருத்தடை மாத்திரை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதற்குத் தடை எதுவும் இல்லை. ஆனாலும் சென்னையின் பல மருந்துக் கடைகள் அதை வைத்திருப்பதே இல்லை என்பது ஆண்டுக்கணக்கான புகார். ஞாயிறு இரவு தேடி அலைவதைவிட முன்கூட்டியே ஒரு மகப்பேறு மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளலாம்.

பரிசோதனை

இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது இந்த ஊரில்தான். 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு இங்கே கட்டப்பட்ட பொதுச் சுகாதார அமைப்பு வலுவானது. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம், தகவலுக்கு 1097. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, சம்மதமில்லாமல் பரிசோதிக்கவோ முடிவை வெளியிடவோ பொதுவாக அனுமதி இல்லை.

"டெஸ்ட் எடுத்துட்டேன், நெகட்டிவ்" என்பது மட்டும் போதாது. எந்தத் தேதியில் எடுத்தது என்பது முக்கியம். ஆன்டிஜெனையும் (வைரஸின் கூறு) ஆன்டிபாடியையும் (அதற்கு எதிராக உடல் உண்டாக்குவது) சேர்த்துப் பார்க்கும் ஆய்வகப் பரிசோதனைக்கு எச்.ஐ.வி. தொற்று தெரிய 18 முதல் 45 நாள் வரை ஆகலாம்; ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும் விரைவுப் பரிசோதனைக்கு 90 நாள் வரை. போன வாரம் நடந்ததை இந்த வாரம் எடுத்த சோதனை காட்டாது. ஆணுறை பெரிய பாதுகாப்பு, ஆனால் ஹெர்பிஸ், எச்.பி.வி. என்ற இரண்டு வைரஸ் தொற்றுகளையும் முழுக்கத் தடுக்காது. எச்.பி.வி.க்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கும் தடுப்பூசி உண்டு. உறை கிழிந்துவிட்டால் எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். "உறை இல்லாமல் நடந்துவிட்டது" என்பதை வந்து சொன்னால் வீட்டில் பூகம்பம் வெடிக்கும் என்றால், சொல்ல மாட்டார்கள். ஆகவே அந்த ஒரு வாக்கியத்துக்கு அன்று இரவு சண்டை கிடையாது, மருத்துவமனைதான் என்று முன்பே ஒப்புக்கொள்வது பலன் தரும்.

2012இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டெர்ரி கான்லி குழு வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருத்தமானது. துணைவருக்குத் தெரியாமல் ஏமாற்றியவர்களைவிட, ஒப்புதலோடு திறந்த உறவில் இருந்தவர்கள் ஆணுறையை அதிகம், சரியாகப் பயன்படுத்தியிருந்தார்கள். ஏமாற்றுகிறவர் வீட்டில் உறை வாங்கி வைத்திருக்க முடியாது என்ற ஒரு காரணத்தையாவது யாரும் ஊகிக்கலாம்.

பொறாமை வரும். வராது என்று சொல்கிறவர்கள் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம். நான் பார்த்தவரை அது அடுத்தவரின் அழகைப் பற்றியதாக இருப்பது குறைவு. நேரத்தையும் பணத்தையும் பற்றியதாகவே இருக்கிறது. "எங்கூட சினிமாவுக்கு வரச் சொன்னா டயர்ட்னு சொல்ற, அங்க போகும்போது மட்டும் சட்டை அயர்ன் பண்றே" என்பதுதான் நிஜமான வாக்கியம். குழந்தையை யார் டியூஷனில் விடுவது, ஞாயிற்றுக்கிழமை யாருடையது, காபி செலவு எந்தக் கணக்கில் என்று காலண்டரை வைத்துப் பேசினால் பொறாமையில் ஒரு பகுதி கரைந்துவிடும். இருவருக்கும் வாய்ப்பு சமமாக அமையாது என்பதையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஆப்பில் அவளுக்கு ஒரு நாளில் நூறு மெசேஜ் வரும், அவனுக்கு மாதத்தில் ஒன்று வரலாம். பேச்சை எடுத்த கணவனே மூன்றாவது மாதம் "இது செட் ஆகல, நிறுத்திடலாம்" என்று வரும் இடம் இதுதான். நிறுத்தலாம், அந்த உரிமை இருவருக்கும் எப்போதும் உண்டு. ஆனால் தனக்கு மட்டும் திறந்திருக்க வேண்டிய கதவு என்றுதான் முதலில் நினைத்திருந்தான் என்பதும் அன்று தெரிந்துவிடும்.

மூன்றாவது ஆள்

எல்லை வரைகிற பேச்சில் எப்போதும் அறைக்கு வெளியே நிற்பவர் அவர். கணவனும் மனைவியும் உட்கார்ந்து "எப்ப வேணும்னாலும் கட் பண்ணிடலாம்" என்று எழுதுகிறார்கள். கட் ஆகப்போகிறவருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. முதல் சந்திப்பிலேயே அவரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. நான் மணமானவர். என் துணைவருக்கு இது தெரியும். வேண்டுமானால் அவரிடமே நீங்கள் பேசிக் கேட்டுக்கொள்ளலாம். "என் வொய்ஃபுக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு திரியும் ஆண்களில் எத்தனை பேர் மனைவிக்கு உண்மையில் தெரியும் என்பதை, கடைசி வாக்கியத்துக்கு அவர்கள் முகம் போகும் போக்கிலிருந்து கண்டுபிடித்துவிடலாம். கல்யாணம் ஆகவில்லை என்றோ, விவாகரத்து வாங்கி உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்றோ பொய் சொல்லி ஒரு பெண்ணோடு உறவு கொண்டால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆவது பிரிவில் பத்து ஆண்டு வரை சிறை. இரண்டாவதாகத் தாலியே கட்டிவிட்டால் 82ஆவது பிரிவு, ஏழு ஆண்டு வரை.

நிறுத்துவது என்று முடிவானால் அவருக்கும் ஒரு முறையான பேச்சு கிடைக்க வேண்டும், அதுவும் சம்பந்தப்பட்டவரே நேரில் சொல்ல வேண்டும். கணவனின் போனிலிருந்து மனைவி பிளாக் செய்வதோ, மனைவிக்குப் பதில் கணவன் பேசுவதோ கூடாது. படங்கள், சாட்கள் யாரிடம் என்ன இருக்கிறது என்று இரு தரப்பும் சொல்லிக்கொண்டு அழிப்பது, கடைசிச் சந்திப்பிலிருந்து நாள் எண்ணி மூவரும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது, கொடுக்கல் வாங்கல் இருந்தால் தீர்ப்பது. கணவன் மனைவிக்குள் பேச்சு முட்டி நின்றால் ஒரு ஆலோசகரிடம் போகலாம்; முதல் தடவை போன் செய்யும்போதே "இந்த மாதிரி ஏற்பாட்டில் இருக்கும் தம்பதிகளைப் பார்த்திருக்கிறீர்களா, எங்களுக்கு உபதேசம் செய்யாமல் கேட்பீர்களா?" என்று கேட்டுவிட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். பதிலுக்கு "உங்க பெரியவங்களுக்குத் தெரியுமா?" என்று வந்தால் அடுத்த எண்ணை முயலலாம்.